பெயர் எழுதாத பாட்டில்கள்

யோகலட்சுமியின் வீட்டுக்குள் நுழைந்த எந்தப் பொட்டலமும் பொட்டலமாக ஒரு நாழிகை உயிர் வாழ்ந்தது கிடையாது. கடையிலிருந்து வந்த மல்லியோ மஞ்சளோ, கோயிலிலிருந்து வந்த திருநீறோ குங்குமமோ, எதுவானாலும் சரி, பையை இறக்கிய கையோடு நூலை அவிழ்த்து, காகிதத்தைப் பிரித்து, உள்ளிருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் கொட்டி, மூடியை இறுக்கி, அதற்கென்று விதித்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் அவள் மறுவேலை பார்ப்பாள். பாட்டில்கள் அத்தனையும் ஒரே உயரம். ஒரே பச்சை மூடி. ஒன்றின்மீதும் பெயர் எழுதியதில்லை.

"பேரு எழுதி ஒட்டுதது மறதிக்காரங்க வேல. எடம் தெரிஞ்சா பொருள் தெரிஞ்சிரும்" என்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் சொல்லிவரும் வாக்கு.

அவள் கணவர் கோமதிசங்கர் திருவேங்கடத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஒரு கட்டுக்கு மூன்று சீட்டு ஒட்டுகிற மனிதர். சீட்டு எழுதித் தருவதாக அவரும் பலமுறை சொல்லிப் பார்த்தார். "சீட்டு ஒட்டியுந்தான ஒங்க ஆபீஸ்ல நாள் பூரா தேடுதிய?" என்று அவள் கேட்டபிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

சங்கரன்கோவிலில் யோகலட்சுமியின் கேக்கைத் தின்னாத வீடு குறைவு. ஆனால் அவள் பெயரை அறிந்த வீடு அதைவிடக் குறைவு. பிறந்தநாள் கேக்குகளைச் செய்து இரண்டு கடைகளுக்கு அனுப்புவாள். அவை கடையின் பெயரில் போய்ச் சேரும். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு அம்மா செய்யுதாங்களாம்" என்று தன்னைப் பற்றி ஒரு விசேஷ வீட்டில் தன்னிடமே ஒருத்தி சொன்னபோது, அவள் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு அவளுக்கே கசந்தது.

ஆடித்தபசு முடிந்த வாரத்தில் அந்தக் கசப்புக்கு ஒரு மருந்து தொலைபேசி வழியாக வந்தது. அழைத்தவன் ரிபாயி. துபாயில் ஒரு பெரிய ஓட்டலின் அடுக்களையில் பதினெட்டு ஆண்டுகள் நின்றவன். ஊர் திரும்பி, ராஜபாளையம் சாலையில் சிறியதாக ஒரு தேநீர்க்கடை திறக்க இருந்தான்.

"யோகக்கா, நம்ம கடையில சூடா ஒரு புட்டிங் போடணும். அடியில பழம், மேல கேக் மாவு. ஓவன்ல வச்சு எடுத்து, சூடு ஆறதுக்குள்ள தட்டுல போட்டு, மேல இனிப்பா சாஸ் ஊத்தணும்."

"கேக்கு ஆறுனாத்தான தம்பி வெட்டவே முடியும்?"

"வெட்டாண்டாம்க்கா. கரண்டியால அள்ளிப் போடணும். அங்கன ஆப்பிள்ல செய்வாங்க. இங்கன கொய்யா சல்லிசா கிடைக்குல்லா, அதுல செய்ங்க. பட்டைத்தூள் மட்டும் தாராளமா போடணும். ஞாயித்துக்கிழம ருசி பாக்க வாரேன். நல்லா அமைஞ்சிதுன்னா, கடை போர்டுல ஒங்க பேரப் போட்டு எழுதுதேன்: யோகலட்சுமி கொய்யா புட்டிங்."

இந்தப் பேச்சு நடந்தபோது தொலைபேசி அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவே இருந்தது. கைகள் இரண்டும் பொட்டலங்களில் இருந்தன. கோமதிசங்கர் அப்போதுதான் ஒரே பையில் இரண்டு பொட்டலங்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்று, பக்கத்துத் தெரு ஜுலைகா பீவியிடம் வாங்கிய பட்டைத்தூள். மற்றது, கோயிலில் தரும் புற்றுமண். அதை நெற்றியில் இடுவார்கள். அரிப்போ தடிப்போ கண்டால் நீரில் குழைத்துப் பூசுவார்கள். கோமதிசங்கருக்கு முழங்கையில் நெடுநாளாக ஓர் அரிப்பு இருந்தது. இரண்டும் செய்தித்தாளில் மடித்தவை, இரண்டும் வெள்ளை நூல் சுற்றியவை, இரண்டும் பழுப்பு. கைகள் பழக்கத்தால் அவிழ்த்தன, கொட்டின, மூடின. ஒரு பாட்டில் அடுக்களை அலமாரியின் மூன்றாம் இடத்துக்கும், ஒன்று சாமி அலமாரிக்கும் போயின. கண் மட்டும் அந்நேரம் ராஜபாளையம் சாலையில், இன்னும் எழுதப்படாத ஒரு பலகையைப் படித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பழுத்த கொய்யாக்களைத் தோல்சீவி, நடுவிலுள்ள விதைப்பகுதியை எடுத்துவிட்டு, சதையை மெல்லிய கீற்றுகளாக அரிந்தாள். சர்க்கரையும் மூன்றாம் இடத்துப் பாட்டிலிலிருந்து ஒன்றரைக் கரண்டித் தூளும் பிசறித் தட்டின் அடியில் பரப்பினாள். அதன்மேல் வெண்ணெயும் முட்டையும் மைதாவும் அடித்த மாவை ஊற்றி ஓவனில் வைத்தாள். கருப்பட்டியைக் கரைத்துக் காய்ச்சி, வெண்ணெயும் கெட்டித் தேங்காய்ப்பாலும் ஓர் உப்புக்கல்லும் சேர்த்துப் பாகை இறக்கினாள். எட்டிப்பார்த்த கோமதிசங்கர், "கேக்குக்குக் குழம்பா? இனி ரசமும் உண்டுமா?" என்று கேட்டுவிட்டு, முழங்கையை ஊதிக்கொண்டே போனார். "இந்தத் தடவ புத்துமண்ணு சுள்ளுன்னு எரியுது, யோகம். நல்லா கேக்கும்போல."

ரிபாயி வந்தான். ஆவி பறக்கும் புட்டிங்கை அள்ளிவைத்து, மேலே பாகை ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் தின்றவன் மெல்லுவதை நிறுத்தினான். அடுத்த வாயை மெதுவாகத் தின்றான். மூன்றாவது வாய்க்குக் கரண்டி எழவில்லை.

"அக்கா, மனசுல வச்சிக்கிடாதிய. மண்ணு கடிக்கு."

"மண்ணா?"

அவளும் தின்றாள். நறநறவென்றது. பட்டை மணமும் பெயருக்குத்தான் இருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து ரிபாயி எழுந்தான். "வியாழக்கெழம நாலு மணிக்கு வாரேன். அதுக்குள்ள பாத்துக்கிடுங்க. அதுக்கும் மேல தள்ள முடியாது. அடுத்த ஞாயிறு தொறப்பு. ராஜபாளையத்துல ஒருத்தர் செஞ்சு தாரேன்னு நிக்காரு."

அவன் போனபின் யோகலட்சுமி அந்தத் தட்டைக் கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் அடுக்களையில் மண் கடித்ததில்லை. எங்கிருந்து வந்தது?

திங்கட்கிழமை, கருப்பட்டிமேல் சந்தேகம் விழுந்தது. பனங்கருப்பட்டியில் மணல் இருப்பது ஊரறிந்த சங்கதி. வேட்டித் துணியை நாலாக மடித்து வடித்தாள், துணியில் ஒரு சிட்டிகை மணல் தங்கவே, "அகப்பட்டியா!" என்று அதனிடம் சொன்னாள். மறுபடி சுட்டாள். தின்றாள். நறநறவென்றது.

செவ்வாய்க்கிழமை கொய்யாவின்மேல் போயிற்று. எடுத்தது போக விதைத்துணுக்கு ஏதும் தங்கியிருக்குமோ என்று சதையை வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்து, வெண்ணெய்போல் ஆக்கினாள். சுட்டாள். நறநறவென்றது. பிறகு மைதாவை மூன்று முறை சலித்தாள். சர்க்கரையைக் கரைத்துப் பார்த்தாள். முட்டையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்; எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. ஓவனைத் துடைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள், தெருப்புழுதி வருமென்று. ஒவ்வொரு தட்டும் கோமதிசங்கருக்கே படைக்கப்பட்டது. அவர் ஏழாவது தட்டைத் தின்றபோது, "ஒருவேள என் பல்லுதான் பொடியுதோ?" என்று கேட்டார். அவள் அவரைக் கண்ணாடிமுன் நிறுத்திப் பல்லையும் பார்த்தாள்.

"ஆபீஸ்லயும் ஒரு கொழப்பம்" என்றார் அவர். "ரெண்டு நாளா பஸ்ஸுல பக்கத்துல உக்காருதவன்லாம் என்னய மோந்து பாக்கான். 'அண்ணாச்சி, பிரியாணிக் கடையில இருந்து நேரா வாரியளா?'ன்னு ஒருத்தன் கேக்கான். காலைல இட்லிதானட்டி தின்னேன்?"

"எனக்கு இருக்க கொழப்பம் பத்தாதா?" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

புதன்கிழமை பட்டைத்தூள் போடாமல் ஒரு கிண்ணம் மட்டும் சுட்டாள். மண் கடிக்கவில்லை. மூன்றாம் இடத்துப் பாட்டிலை இறக்கி, மூடியைத் திறந்து முகர்ந்தாள். பாட்டிலில் முன்பு ஒட்டியிருந்த பழைய தூளின் வாசம் மெலிதாக எழுந்தது. அதன்கீழ் மழை விழுந்த தரையின் வாசம். ஒரு பங்கு பட்டை, ஒன்பது பங்கு மண். கணக்குச் சரியாக விழுந்தது. ஜுலைகா பீவி கலப்படம் செய்துவிட்டாள்.

ஒரு குரங்குக்கு ஒருநாள் பெரிய நெல்லிக்காய் கிடைத்ததாம். பிறகு தின்னலாம் என்று கன்னத்துப் பையில் ஒதுக்கிவிட்டு, ஓடையில் நீர் குடிக்கப் போய் மறந்துவிட்டது. திரும்பி வந்து நெல்லிக்காயைத் தேடிற்று. கிளையைக் குலுக்கிற்று, பொந்தில் கைவிட்டுத் துழாவிற்று, கடைசியில் அணிலைப் பிடித்து "வாயைத் திற" என்றது. திறந்த வாயில் ஒன்றுமில்லை. "அப்படியானால் விழுங்கிவிட்டாய்" என்றது குரங்கு. கன்னம் நிறைய நெல்லிக்காயை வைத்துக்கொண்டு பேசியதால் சொல் சற்றுக் குழறிற்று. கோபத்தில் குழறுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டது அணில்.

அன்று நண்பகலில் யோகலட்சுமி கோதுமை அரைக்க மகாராஜனின் மாவு மில்லுக்குப் போனாள். வரிசையில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள்.

"என்னட்டி, மொகம் வாடிக் கெடக்கு?" என்று கேட்டாள் பிச்சம்மாள். எவர் முகம் வாடினாலும் முதலில் காண்பவள் அவள்தான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான்கு நாள் குழப்பத்துக்குப் பின் ஒரு விடை கிடைத்தவர் அதைத் தனக்குள் வைத்துக்கொள்வது அரிது. "என்னத்தச் சொல்ல? பீவி அக்கா பட்டையில மண்ணக் கலந்திருக்கா" என்றாள். வாயிலிருந்து போனபோது அது மண்ணாக இருந்தது. வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தபோது செங்கல் பொடியாகியிருந்தது. மில்லின் இரைச்சலை மீறி மகாராஜன், "மொளகாத்தூள்லயுமா?" என்று கேட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு வாசலில் ஜுலைகா பீவி நின்றாள். அறுபதை நெருங்கும் பெண். பட்டையும் மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்து விற்றே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"ஏட்டி யோகம், காலைல ரெண்டு வீட்டுக்காரி மசாலாவத் திருப்பிக் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போறா. பனவடலிசத்திரத்துக் கல்யாண வீட்டுல போன் பண்ணி, எங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. என்னன்னு கேட்டா, மில்லுல நீ சொன்னேங்காங்க. சொன்னியா?"

யோகலட்சுமி தலைகுனிந்தாள். ஆனாலும் குரலில் பிடிவாதம் இருந்தது. "சொன்னேன்க்கா. பொய் சொல்லல. நாலு நாளா மண்ணு கடிக்கு."

"நாப்பது வருசத்துல ஒரு சிட்டிக அரிசிமாவு கலந்ததில்ல நான். கலப்படம் ஹராம்டி. எடு அந்தப் பாட்டில."

பாட்டில் வந்தது. ஜுலைகா பீவி விரலைத் தொட்டு நாவில் வைத்தாள், புருவத்தைச் சுளித்தாள். "ஒரு தம்ளர் தண்ணி கொண்டா." தண்ணீரில் அரைக் கரண்டியைப் போட்டாள். போட்டது போட்டபடி அடியில் போய் உட்கார்ந்தது. "என் பட்டைன்னா இப்படி முங்காது. மேல மெதக்கும், கொஞ்ச நேரத்துல கொழகொழன்னு ஆவும். இதுல நான் மண்ணக் கலக்கல யோகம். இது மொத்தமே மண்ணு."

"மொத்தமே மண்ணா? அப்ப நீங்க கொடுத்த பட்டை எங்க?"

இந்தக் கேள்விக்கு விடை கொல்லைப்புறத்திலிருந்து நடந்து வந்தது. அன்று விடுப்பில் இருந்த கோமதிசங்கர், குளித்துவிட்டு முழங்கையில் பழுப்பாக அப்பிக்கொண்டு, ஊதியபடியே உள்ளே வந்தார். அவருக்கு முன்னால் ஒரு வாசம் வந்தது.

ஜுலைகா பீவி திரும்பினாள். மூக்கை உயர்த்தினாள். "அண்ணாச்சி, கையில என்ன?"

"புத்துமண்ணும்மா. எரியுதுன்னாலும் விடாம போடுதேன்."

"அல்லாவே! அது புத்துமண்ணு இல்ல. நான் இடிச்ச பட்டை."

முதலில் கோமதிசங்கர் தம் முழங்கையை முகர்ந்தார். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர்கள் அத்தனை பேரும் அவருக்கு ஒரே நேரத்தில் விளங்கினார்கள். யோகலட்சுமி சாமி அலமாரிக்கு ஓடினாள். அங்கிருந்த பாட்டிலைத் திறந்ததும் பூஜையறை முழுவதும் பட்டை மணந்தது. தோளில் தொலைபேசி, கையில் இரண்டு பொட்டலம், காதில் தன் பெயர்: அந்த நிமிடம் அப்படியே அவள் முன்னே வந்து நின்றது. நான்கு நாளாக எங்கெல்லாமோ தேடிய குற்றம் தன் கையில்தான் இருந்திருக்கிறது.

"அக்கா..." என்றாள்.

ஜுலைகா பீவி சிரிக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சி போச்சு, ஒனக்குத் தெரிஞ்சி போச்சு. மில்லுல நின்னவளுவளுக்கு யாரு சொல்லுவா? நான் சொன்னா, திருடி சத்தியம் பண்ணுதாம்பாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மணி பத்தரை. நாலு மணிக்கு ரிபாயி வருவான். அலமாரியில் கொய்யா இருந்தது, கருப்பட்டி இருந்தது, இப்போது பட்டையும் எங்கே என்று தெரிந்தது. உடனே தொடங்கினால் ஒருமுறை சுட்டுப் பார்த்து, இரண்டாம் முறை செம்மையாகச் செய்துவிடலாம். ஆனால் மில்லில் கூட்டம் இருப்பது ஒரு மணிவரைதான். பனவடலிசத்திரத்துக்குப் பஸ் பிடித்துப் போய்வரப் பொழுது சாய்ந்துவிடும். நாளைக்குப் போனால் என்ன என்று மனம் கேட்டது. மறுநாளைக்குள் செங்கல் பொடி இன்னும் என்னவாகியிருக்கும் என்று அதே மனம் பதிலும் சொன்னது.

அவள் தொலைபேசியை எடுத்தாள். இந்த முறை கையில் பிடித்துக்கொண்டு பேசினாள். "தம்பி, இன்னைக்கி வராத. ஒரு சோலி இருக்கு. நீ ராஜபாளையத்துக்காரர வேணும்னா கேட்டுக்கோ."

"என்னக்கா இப்படிச் சொல்லுதிய? போர்டு எழுத ஆளு நாளைக்கி வாரான்!"

"தெரியும் தம்பி" என்று வைத்துவிட்டாள்.

பட்டைப் பாட்டில் ஒன்று, மண் பாட்டில் ஒன்று, இரண்டு கண்ணாடித் தம்ளர்கள், ஒரு செம்புத் தண்ணீர். இவற்றோடு அவள் மாவு மில்லின் முன்னால் போய் நின்றபோது, முந்தைய நாள் நின்றவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள்.

"மகாராஜன் அண்ணாச்சி, மிஷின ஒரு நிமிசம் நிறுத்துங்க" என்றாள். இரைச்சல் ஓய்ந்ததும் அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "நேத்து பீவி அக்கா பட்டையில மண்ணுன்னு சொன்னேன். மண்ணு எங்க வீட்டுப் பாட்டில்ல இருந்திச்சு. புத்துமண்ணப் பட்டைன்னு நெனச்சி நாலு நாளா கேக்குல போட்டவ நான். பட்டைய எங்க வீட்டுக்காரர் கையில பூச வச்சவளும் நான்."

சொன்னதோடு நில்லாமல் இரண்டு தம்ளரிலும் போட்டுக் காட்டினாள். ஒன்று மூழ்கிற்று, ஒன்று மிதந்தது. பிச்சம்மாள் குனிந்து பார்த்தாள். "யாத்தாடி! புத்துமண்ணு கேக்கா? அப்ப அண்ணாச்சியத் தேய்ச்சி பிரியாணியில போட்டிரலாமே!" என்றதும் மில் முழுவதும் சிரிப்பு. யோகலட்சுமியின் காது சிவந்தது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்து நின்றாள். பிறகு, "சிரிங்க. ஆனா யாரு யாருட்ட செங்கப் பொடின்னு சொன்னியளோ, அவங்ககிட்ட இதயும் சொல்லிருங்க" என்றாள். சிரிப்பு சற்றே அடங்கிற்று. இரண்டு பேர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

மசாலாவைத் திருப்பியிருந்த இரண்டு வீடுகளிலும் ஏறி இறங்கினாள். கணவரையும் கூட்டிக்கொண்டு பகல் பஸ்ஸில் பனவடலிசத்திரம் போனாள். கல்யாண வீட்டார் முதலில் நம்பவில்லை. கோமதிசங்கர் முழங்கையை நீட்டி, "மோந்து பாருங்க" என்ற பிறகு நம்பினார்கள்.

மறுநாள் காலை, அழைக்காமலே ரிபாயி வந்தான். பின்னாலேயே ஜுலைகா பீவி, கையில் புதிய பொட்டலத்தோடு.

"பிச்சம்மா மதினி எல்லாஞ் சொன்னாங்க" என்றான் ரிபாயி. "நானும் ரெண்டு வாய் புத்துமண்ணு தின்னிருக்கேன்லா? இனி எனக்குப் பாம்பு பயம் இல்லக்கா."

ஜுலைகா பீவி பொட்டலத்தை மேடைமேல் வைத்தாள். "கல்யாண வீட்டுல ராத்திரியே போன் வந்திச்சு, நாலு கிலோ கேட்டாங்க. இத நான் கண்ணால பாக்க, பாட்டில்ல கொட்டாம அப்படியே போடு." குரல் இன்னும் முழுதாக இளகவில்லை. ஆயினும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கொய்யா, சர்க்கரை, பட்டை, மேலே மாவு. ஓவனுக்குள் மாவு எழும்பத் தொடங்கியதும் வீட்டில் பரவிய மணத்தை நான்கு நாளாக அந்த வீடு அறிந்ததில்லை. ஆவியோடு அள்ளிவைத்து, கருப்பட்டிப் பாகை ஊற்ற, அது கொய்யாவின் சிவப்பில் வழிந்து இறங்கிற்று. ரிபாயி ஒரு வாய் தின்றான். மூன்றாவது வாயையும் தின்றான். தட்டை வழித்தான். "இது போதும்க்கா. பெயிண்டர் கடையில நிக்கான். யோகலட்சுமி கொய்யா புட்டிங். சரிதான?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தப் பெயரைப் பலகையில் அவள் எத்தனையோ முறை படித்துவிட்டாள். எழுத்தின் வளைவுகூட மனத்தில் இருந்தது.

"இல்ல தம்பி. இப்படி எழுதச் சொல்லு: ஜுலைகா பீவி இடிச்ச பட்டை போட்ட கொய்யா புட்டிங்."

"அப்ப ஒங்க பேரு?"

"ஒரு பேரு எழுதத்தான் எடம் இருக்கும். என் வாயால கெட்ட பேரு எதுவோ, அதத்தான் மொதல்ல எழுதணும்."

ஜுலைகா பீவி நாற்காலியை விட்டு எழுந்தாள். தட்டில் மீதமிருந்ததை ஒரு கரண்டி எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டு, நெடுநேரம் மென்றாள். பிறகு, "கோமதிசங்கர் அண்ணாச்சி, ஒங்க ஆபீஸ் சீட்டு நாலஞ்சு இருந்தா எடுத்தாங்க" என்றாள்.

அவர் கொண்டுவந்தார். யோகலட்சுமி முதல் சீட்டில் "பட்டை" என்று எழுதி, அதன்கீழ் சிறியதாக "பீவி அக்கா" என்றும் எழுதி, மண்ணைக் கொட்டிக் கழுவி, புதிய தூளை நிரப்பிய மூன்றாம் இடத்துப் பாட்டிலில் ஒட்டினாள்.